சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் கிட்னி போச்சு

தூத்துக்குடியிலிருந்து:

அம்மா இருபத்தாறு வருஷம் உப்பளத்து வேலைக்குப் போனார். மூன்று மணிக்கே எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, இருட்டு பிரியும் முன்னே பாத்தியில் இறங்கிவிடுவார். வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசும்வரை வாரல்தான். கையோடு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் போகும், சாயங்காலம் பாதி அப்படியே திரும்பி வரும். கேட்டால், "குடிச்சா ஒதுங்க இடம் வேணும்லா?" என்பார். அளத்தில் மறைவுக்கு ஓர் உடைமரம்கூடக் கிடையாது.

ராத்திரி உடம்பு வலி. மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட் மாத்திரை" என்றால் போதும், சீட்டு கேட்க மாட்டார்கள். காகிதத்தில் மடித்துத் தரும் மூன்று மாத்திரையில் ஒன்று டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அதைப் போட்டால் கிட்னிக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையுமாம். அம்மா அதை வாரத்தில் நாலு நாளாவது போட்டிருப்பார்.

2022-ல் முகம் அதைத்தது. முதலில் பார்த்த டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அதிலேயே ஆறு மாதம் போய்விட்டது. அப்புறம் எடுத்த டெஸ்டில், கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 5.8. சாதாரணமாக ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. கிட்னி பாதிக்கு மேல் கெட்டபிறகும் வலி என்று ஒன்று வருவதில்லை, அதுதான் இதில் உள்ள சூது.

போன இடமெல்லாம் சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்றுதான் கேட்டார்கள். சுகர் இல்லை. பிரஷரும் கிட்னி கெட்ட பிறகு வந்ததுதான். கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மட்டும், "என்ன வேலை பாத்தீங்க? வேலை நேரத்துல எத்தனை தடவை தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நானும் அதுவரை அதைக் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கிட்னியின் வடிகட்டும் திறன் குறைந்திருந்ததாக அந்த டாக்டரம்மாதான் சொன்னார்.

இலங்கை வவுனியாவிலிருந்து:

எங்கள் பக்கத்தில் இது பழைய கதை. பதவியா, மதவாச்சி போன்ற வயல் கிராமங்களில் சுகரோ பிரஷரோ இல்லாத கமக்காரர்களுக்கு (விவசாயிகளுக்கு) இந்த வருத்தம், அதாவது கிட்னி நோய், வருவதை 1990களிலேயே கண்டுவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட், கட்மியம், களைகொல்லி, வெக்கை என்று ஒவ்வொன்றையும் சொன்னார்கள். கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015-ல் தடை செய்து, பிறகு தடையை எடுத்தும்விட்டார்கள். காரணம் இதுதான் என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பெரியப்பா வீட்டுக் கேத்திலுக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தத் தண்ணீரில்தான் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம், ஆனால் வருத்தம் வந்தது வயலில் நின்ற அவருக்குத்தான். அதனால்தான் உங்கள் டாக்டரம்மாவின் கேள்வி எனக்குப் பிடித்தது.

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டு அனுபவம் வேறு மாதிரி. சித்தி மகளுக்குக் கால் வீங்கி, சிறுநீரில் சோப்பு கரைத்ததுபோல நுரை. புரதம் கொட்டுகிறது என்றார்கள். வயசு இருபத்தொன்று. குடைந்து குடைந்து கேட்டதில், பேரோ கம்பெனியோ ஒட்டாத ஒரு சிவப்பழகு கிரீமை நாலு மாதமாகப் பூசிய விஷயம் வெளியே வந்தது. அதில் பாதரசம் இருந்திருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் பக்கமும் டாக்டர்கள் 2023-ல் இதே மாதிரி கேஸ்களைப் பார்த்திருக்கிறார்கள். கிரீமை நிறுத்தி மருந்து கொடுத்ததில் அவள் தப்பித்தாள். நுரை அடங்காமல் நின்றால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

மறுபடி தூத்துக்குடியிலிருந்து:

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வாரம் இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் அதற்குக் காசில்லை. பஸ் செலவும், கூடப் போகிற நாளில் என் சம்பளமும்தான் போகிறது. இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பார், அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிறுநீர் அனேகமாக நின்றுவிட்டது. அதனால் தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், காபியும் ரசமும் அதற்குள்ளேயே அடக்கம். பழைய அளத்துப் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டுவிடும். பிறகு ஒரு துண்டு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.