கைச்சக்கரக் கருவியில் உடையாத மக்காச்சோளம் மோட்டார் இயந்திரத்தில் ஏன் உடைகிறது?

அரூர் மானாவாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரூருக்குக் கிழக்கே இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிட்டு வருகிறேன். சென்ற தை மாதம் வாடகைக்கு எடுத்த மோட்டார் இயந்திரத்தில் கதிரைப் போட்டு அடித்தபோது, மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிய ஒவ்வொரு பிடியிலும் பாதியாகப் பிளந்த மணியும் மாவுத்தூளும் கலந்தே வந்தன. கோழித்தீவனத்துக்காக வாங்கும் வியாபாரி ஒரு படியை எடுத்துச் சல்லடையில் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்.

அதே வாரத்தில் பழைய வீட்டுப் பரணை ஒழித்தபோது, தாத்தா விதைக்கதிர் உதிர்க்கப் பயன்படுத்திய வார்ப்பிரும்புக் கருவி ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் கைப்பிடியுள்ள கனமான சக்கரம். உள்ளே மொட்டைப் பற்கள் நிறைந்த செங்குத்தான வட்டு. அதற்கு எதிரே வரிவரியான ஓர் இரும்புத் தகட்டை வில் அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே ஒரே ஒரு கதிர் நுழையும் அளவுக்கு வாய். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைக் கழுவி, கிரீஸ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். மணி கீழே கொட்டியது. சக்கை முழுசாக அடுத்த பக்கம் வந்து விழுந்தது. பத்துக் கதிர் உதிர்த்தும் உடைந்த மணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

இந்த வகைக் கருவி எக்காலத்தியது என்பதும், கையால் சுற்றும் கருவி செய்யும் வேலையை மோட்டார் இயந்திரம் ஏன் கெடுக்கிறது என்பதும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற வேளாண் பொறியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி எழுதியது:

தங்களிடம் உள்ள கருவியின் தலைமுறை பெரிது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர் என்பதால் அதற்கான இயந்திரங்களும் பெரும்பாலும் அங்கேதான் பிறந்தன. அதற்கு முன்பு தொட்டியின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதன் விளிம்பில் கதிரைத் தேய்த்துத்தான் மணியை எடுத்தார்கள். குளிர்கால மாலைகள் முழுவதும் அந்த வேலையில் கழியும். 1839-இல் கனெக்டிகட் மாநிலத்தின் லெஸ்டர் டெனிசன் என்பவர், பல்லுள்ள உருளைகளின் வழியாகக் கதிரை இழுத்து மணியை உரித்தெடுக்கும் கைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல பட்டறைகள் பலவிதமாகச் செய்துபார்த்ததில் நிலைத்து நின்ற வடிவங்களுள் ஒன்றுதான், தங்கள் பரணில் இருந்த வட்டும் வில்தகடும் கொண்ட கருவி.

அதில் கவனிக்க வேண்டிய உறுப்பு பல்வட்டு அன்று, அந்த வில்தான். கதிரின் அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருக்கிறது; ஒரு கதிர் போல் மறு கதிர் இருப்பதில்லை. இடைவெளி மாறாத கருவியில் பருத்த கதிர் நசுங்கும், சிறுத்த கதிர் உரியாமல் நழுவிவிடும். வில் வந்தபிறகு தகடு கதிரின் பருமனுக்கு ஏற்ப விலகிக் கொடுத்து, மீண்டும் நெருங்கி அழுத்துகிறது. வட்டின் பற்கள் கதிரைக் கீழே இழுக்கும்போதே அதைத் தன் அச்சில் சுழலவும் வைப்பதால், ஒரு வரிசை மணி கழன்று இடம் விட்டதும் பக்கத்து வரிசை அந்த வெற்றிடத்துப் பக்கம் சாய்ந்து எளிதாகக் கழல்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கட்டைவிரலால் முதலில் ஒரு வரிசையைப் பெயர்த்துவிட்டு, பிறகு உள்ளங்கையால் மற்றவற்றைத் தள்ளி உதிர்ப்பார்களே, அதே உத்திதான். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பரப்பிய எண்கோணக் குழாய்க் கருவியும் அதையேதான் செய்கிறது: குழாயின் உட்புறத்தில் உள்ள சிறகுகளுக்கிடையே கதிரைச் செருகித் திருகினால் மணி கழன்று விழும். ஆனால் ஓர் ஆள் அதை வைத்துக்கொண்டு மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் உதிர்க்க முடியாது.

மோட்டார் இயந்திரத்தில் வேலை வேறு விதமாக நடக்கிறது. முனைகள் பதித்த உருளை வேகமாகச் சுற்ற, கதிர்கள் கீழ்ச்சல்லடைக்கும் உருளைக்கும் நடுவில் ஒன்றோடொன்று உரசி உதிர வேண்டும். உரசினால் மணி கழலும், அடிபட்டால் பிளக்கும். உரசலா அடியா என்பதை உருளையின் வேகம், சல்லடை இடைவெளி, உள்ளே கதிர் நிறைந்திருக்கும் அளவு, மணியின் ஈரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஈரத்தைப் பற்றி மட்டும் இன்னும் சற்றுச் சொல்கிறேன், ஏனெனில் நம் பகுதியில் தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. மணியின் அடிமுனையில் கறுப்புப் புள்ளி தோன்றிவிட்டால் பயிர் முற்றிவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த நிலையில் மணிக்குள் முப்பது சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருக்கக்கூடும். இருபதுக்கு மேல் ஈரம் இருக்கும்போது மணி மெத்தென்றும், அதன் காம்பு சக்கையை விடாமல் பிடித்துக்கொண்டும் இருப்பதால், இயந்திரம் கழற்றுவதற்குப் பதிலாக நசுக்கிவிடுகிறது. களத்தில் காயவைத்து, பதின்மூன்று முதல் பதினைந்துக்குள் வந்த பிறகு உதிர்ப்பதே நல்லது. பிளந்த மணியில் பூஞ்சணம் விரைவாக ஏறும். கோழித்தீவனக்காரர்கள் அஞ்சுவதும் அதன் நஞ்சைத்தான். வியாபாரி கழித்தது வருத்தமாக இருந்தாலும் காரணமில்லாமல் கழிக்கவில்லை.

பாலக்கோடு லேத் பட்டறை எழுதியது:

ஐயா சொன்னதோடு பட்டறைக் கணக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். நான்கு காந்தத்துருவ (4 போல்) மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்று ஓடும். மோட்டாரில் நான்கு அங்குலப் புல்லியும் உருளை ஷாஃப்டில் எட்டு அங்குலப் புல்லியும் இருந்தால் உருளை 720 சுற்று சுற்றும். முனையோடு சேர்த்து உருளையின் விட்டம் நாற்பது சென்டிமீட்டர் என்றால், முனையின் வேகம் வினாடிக்குப் பதினைந்து மீட்டர் ஆகிறது. எட்டை எடுத்துவிட்டுப் பத்து அங்குலப் புல்லி போட்டால் 576 சுற்று. முனை வேகம் வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டராக இறங்கிவிடும். காய்ந்த கதிருக்கு அதுவே போதும். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மூட்டை என்று பார்ப்பதால் சிறிய புல்லியைப் போட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உமியையும் தூசியையும் ஊதும் விசிறிக்கும் அதே ஷாஃப்டிலிருந்துதான் பெல்ட் போகிறது. உருளையின் வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறைந்துவிடும்; மணியோடு பொக்கும் விழும். ஆகையால் விசிறிப் புல்லியையும் அதே கணக்கில் சிறியதாக மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல், புல்லி மாற்றியது தப்பு என்று பழையதையே திரும்ப மாட்டிக்கொண்டு போனவர்கள் என் பட்டறையிலேயே உண்டு.

மற்றொன்று, கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மணி உடையாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. உருளைக்குள் கதிர் குறைவாக இருந்தால் உரச வேறு கதிர் இல்லாமல் ஒவ்வொன்றும் தனியாக அடிபடும். வாய் நிறைய, ஒரே சீராக ஊட்ட வேண்டும்.

பென்னாகரம் விவசாயி எழுதியது:

அன்பர்களே, ஒரு சந்தேகம். நின்ற பயிரிலேயே கதிரைப் பறித்து, உரித்து, உதிர்த்து மணியாகக் கொட்டும் பெரிய அறுவடை இயந்திரம் வந்தபிறகு, நாம் ஏன் இன்னும் புல்லியையும் பெல்ட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்? 1839-லேயே உதிர்க்கத் தெரிந்தவர்கள் கதிர் பறிக்கும் இயந்திரத்தையும் அப்போதே செய்திருப்பார்கள் அல்லவா? சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அப்படி ஓர் இயந்திரம் வந்தது. மூன்று ஏக்கரை மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டது. மாட்டுக்குப் போட ஒரு கட்டுத் தட்டைகூட மிச்சமில்லாமல் மிதித்துவிட்டுப் போனது என்பது வேறு கதை.

ஓய்வுபெற்ற வேளாண் பொறியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி எழுதியது:

நல்ல கேள்வி. செய்ய முயன்றார்கள், ஆனால் நூறாண்டு ஆயிற்று. இல்லினாய் மாநிலத்தின் எட்மண்ட் குவின்சி என்பவருக்கு 1850-லேயே கதிர் பறிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. ஆனாலும் 1920-கள் வரை பெரும்பாலான வயல்களில் கையால்தான் பறித்தார்கள். மணிக்கட்டில் ஒரு கொக்கியைக் கட்டிக்கொண்டு, உறையைக் கிழித்துக் கதிரை ஒடித்து வண்டியில் எறிவார்கள். கதிர் தாண்டிப் போகாதபடி வண்டியின் மறுபக்கத்தில் உயரமான பலகை நிற்கும். குதிரை தானாகவே நாலடி நடந்து நின்றுகொள்ளும். கைதேர்ந்த ஆள் ஒரு நாளில் நூறு புஷல் கதிர், அதாவது மூன்று டன்னுக்கு மேல் பறித்துவிடுவார்.

உதிர்ப்பது ஏன் முன்னாலும் பறிப்பது பின்னாலும் கைகூடின என்றால், உதிர்க்கும் கருவிக்குக் காய்ந்த கதிரை ஒவ்வொன்றாக மனிதன் கையில் எடுத்துக் கொடுக்கிறான். பறிக்கும் இயந்திரமோ சாய்ந்ததும் நிமிர்ந்ததுமாக நிற்கும் பயிரைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். 1890-களில் வந்த கட்டு கட்டும் இயந்திரங்கள் தட்டையை அறுத்துக் கட்டாகக் கட்டித் தந்தன, அவ்வளவுதான். உரிப்பதற்கும் தட்டையை நறுக்குவதற்கும் வீட்டருகே வேறோர் இயந்திரம் வேண்டியிருந்தது. அதில் உறையைப் பிடித்திழுப்பதற்காக எதிரெதிராகச் சுழலும் உருளைகளிடம் எத்தனையோ பேர் கையைப் பறிகொடுத்தார்கள்.

நின்ற பயிருக்கும் இதே எதிர்ச்சுழல் உருளைகள்தான் விடையாயின. இரண்டு உருளைகள் தட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கின்றன. தட்டை ஒல்லியாக இருப்பதால் நழுவி இறங்குகிறது, கதிர் பருத்திருப்பதால் இறங்க முடியாமல் ஒடிந்து மேலேயே தங்குகிறது. ஆனால் கதிரின் அடிப்பாகம் சுழலும் உருளையில் படும்போது அங்கிருந்த மணிகள் வயலிலேயே சிதறின. உருளைகளுக்கு மேலே இரண்டு தகடுகளைப் பதித்து, நடுவில் தட்டை மட்டும் நுழையும் சந்து விட்டபிறகு, கதிர் தகட்டில் மோதி ஒடிகிறது. உருளையைத் தொடுவதே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்.

மற்றொரு தடை இயக்குவிசை. தொடக்கத்தில் தரையில் உருளும் சக்கரத்திலிருந்தே உருளைகளுக்கு விசை எடுத்தார்கள். ஈரமண்ணில் சக்கரம் வழுக்கினால் உருளைகள் நின்றுவிடும், குதிரை மட்டும் நடந்துகொண்டிருக்கும், வாயில் தட்டை அடைத்துக்கொள்ளும். 1918-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் டிராக்டரின் பின்புறத்தில், எஞ்சினின் விசையைக் கருவிக்கு நேரே கொடுக்கும் சுழல்தண்டு வைத்து விற்கத் தொடங்கிய பிறகு இந்தச் சங்கடம் படிப்படியாக நீங்கியது. அதன்பின் பயிரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஹென்றி வாலஸ் 1926-இல் தொடங்கியது போன்ற விதை நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரகங்கள் சாயாமல் நின்றன. 1954-இல் ஜான் டீர் தானிய அறுவடை இயந்திரத்தின் முன்னால் பொருத்தும் இருவரிசைக் கதிர்ப்பறிப்பானை வெளியிட்டது. பறித்தல், உரித்தல், உதிர்த்தல் மூன்றும் அப்போதுதான் நடைமுறையில் ஒரே ஓட்டத்தில் சேர்ந்தன. ஊருக்கு வந்த இயந்திரம் அதன் வழித்தோன்றல்தான்.

ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். முன்பு கதிராகவே காற்றோட்டமான கதிர்க்கூண்டில் மாதக்கணக்கில் காய்ந்தது இப்போது ஈரமணியாகக் கொட்டியதால், அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் உலர்த்தி தேவைப்பட்டது. நம்மிடம் இருப்பது களமும் தார்ப்பாயும்தான். ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் அறுவடைக்கு வரும் பயிரை இயந்திரத்தில் மணியாக்கிவிட்டு எங்கே காயப்போடுவது? மேலும் அங்கே வரிசை இடைவெளி முதலில் குதிரையின் உடலுக்காக நாற்பது அங்குலமாகவும், பிறகு முப்பது அங்குலமாகவும் இருந்தது. இங்கே ஒட்டு ரகத்துக்குப் பரிந்துரை அறுபதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர். பறிப்பானின் வாய்கள் அந்த அளவுக்கு மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கேட்காமல் வயலில் இறக்கினால், தட்டை பக்கவாட்டில் வளைந்து கதிர் தரையில் விழும்.

அரூர் மானாவாரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாடகைக்காரரிடம் பேசி, பத்து அங்குலப் புல்லியை என் செலவிலேயே வாங்கி மாட்டச் செய்தேன். எடுத்து வைத்திருந்த ஏழு மூட்டைக் கதிரை மேலும் நான்கு நாள் களத்தில் காயவைத்து, பிறகுதான் அடித்தோம். முதல் மூட்டையில் பட்டறை அண்ணன் எச்சரித்தது போலவே பொக்கும் உமியும் மணியோடு சேர்ந்து விழுந்தன; விசிறிப் புல்லியை மாற்றிய பிறகு சுத்தமாக வந்தது. உடைந்த மணி அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் இப்போது மாவு ஒட்டுவதில்லை.

தாத்தாவின் கருவியை விதைக்கதிருக்கென்று ஒதுக்கிவிட்டேன். அதன் வில் தளர்ந்திருந்ததால் நுனிப்பக்கத்து மணிகள் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. வில்லின் நட்டை எவ்வளவு இறுக்கலாம் என்று பட்டறை அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலக்கோடு லேத் பட்டறை எழுதியது:

வெறும் சக்கையை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். சக்கை நசுங்காமல், ஆனால் நழுவாமல் சுழன்று வெளியே வரும் அளவுக்கு இறுக்கினால் போதும். வில் பழையது என்பதால் ஒரே மூச்சில் முறுக்காமல் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்குங்கள். முறிந்துவிட்டால் அதே அளவில் சுருட்டித் தருகிறேன். வரும்போது பழைய துண்டையும் எடுத்து வாருங்கள்.