2,254 கோடில ஸ்டேட் லேபுக்கு எவ்வளவுங்க?

ரிட்டயர்டு_லேப்: நேத்து ஒருத்தர் எழுதிருக்காரு, "சென்ட்ரல்ல தடயவியலுக்கு 2,254 கோடி ஒதுக்கிட்டாங்க, இனிமே விசரா ரிப்போர்ட் (செத்தவங்க உடம்புலருந்து எடுத்த உள்ளுறுப்பை சோதிச்சுக் குடுக்கறது) லேட்டுன்னு ஸ்டேட் லேபு சாக்கு சொல்ல முடியாது"ன்னு. எரிச்சலா வந்துச்சு. 2024 ஜூன்ல கேபினட் ஓகே பண்ண அந்த ஸ்கீம்ல இருக்கிறதே மூணு விஷயம்தான், தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் புது கேம்பஸ், புதுசா மத்திய லேபு, அப்புறம் அதே பல்கலையோட டெல்லி கேம்பஸைப் பெருசாக்குறது. இதுல ஸ்டேட் லேபு எங்க? ஒத்த ரூபா கிடையாது.

குமரிக்கழுகு: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாமே சார். அந்த கேம்பஸ்ல படிச்ச பசங்க எங்க போவாங்க? புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 176(3) படி 7 வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை உள்ள கேஸுக்கெல்லாம் தடயவியல் ஆளு ஸ்பாட்டுக்குப் போகணும், ஆளு வானத்துலருந்து குதிக்குமா?

ரிட்டயர்டு_லேப்: படிச்சவனுக்குப் போஸ்ட் போடறது யாரு, சம்பளம் யாரு? ஸ்டேட்டு. அதுக்கு 2,254ல எவ்வளவு? அதச் சொல்லுங்க.

கோர்ட்_வராண்டா: போலீஸ் மாடர்னைசேஷன் கீழ 2022ல 2,080 கோடின்னு இன்னொரு ஸ்கீம் வந்துச்சே, ஸ்டேட் லேபுக்கு மெஷின் வாங்க. சார் அத ஏன் சொல்லல?

குமரிக்கழுகு: அப்படிப் போடுங்க!! ரெண்டும் சேர்ந்தா 4,300 கோடிக்கு மேல 😂

ரிட்டயர்டு_லேப்: கூட்டல் நல்லா வருது. நீங்க எழுதினது 2,254, நான் கேக்கறதும் 2,254. மாட்டிக்கிட்டா வேற நம்பருக்குத் தாவறது உங்களுக்குப் புதுசா, ரேஷன் கடை சண்டைலயும் இதேதான பண்ணீங்க.

நைட்_டூட்டி: நான் போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டர். எல்லாரும் லேபு லேபுங்கறீங்க, விசராவ எடுத்து உப்புக் கரைசல்ல போட்டு சீல் வச்சு போலீஸ் கையில குடுக்கறது மார்ச்சுவரில. அதுக்கு எந்தக் கோடில காசு? 2021 நவம்பர்ல ராத்திரியும் பிரேத பரிசோதனை பண்ணலாம்னு ஹெல்த் மினிஸ்ட்ரி சொல்லிச்சு, வசதி இருந்தா. இந்த "இருந்தா"வ வச்சு நாங்க என்ன பண்றது, கொலை கேஸு, அழுகின பாடியெல்லாம் அதுலயும் சேராது.

கோர்ட்_வராண்டா: அதுக்குத்தான் கொரோனர் முறை, அதாவது சந்தேகச் சாவை போலீஸ் இல்லாம தனி அதிகாரி விசாரிக்கறது, திரும்ப வரணுங்கறேன். பம்பாய்ல 1999 வரைக்கும் இருந்துச்சு, மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் காலத்துலயே எடுத்துட்டான், இப்ப ஸ்டேஷன்லருந்து வந்து பஞ்சாயத்தார வச்சு இன்க்வெஸ்ட் (சாவு விசாரணை) எழுதிட்டுப் போறாங்க. அமெரிக்கால கவர்டெல் கிராண்ட்னு இருக்கு, லேபுக்கும் கொரோனர் ஆபீஸுக்கும் சேத்துத்தான் காசு, தப்பு நடந்தா வெளியாளு விசாரிக்க ஏற்பாடு இருக்குன்னு எழுதிக் குடுத்தாதான் கைக்கு வரும்.

நைட்_டூட்டி: வக்கீல் சார், அங்க நிறைய ஊர்ல கொரோனர் ஓட்டு வாங்கி வர்றவரு, டாக்டரா இருக்கணும்னே இல்ல. 2009ல அவங்க நேஷனல் அகாடமி ரிப்போர்ட்டே அந்த முறைய ஒழிக்கச் சொல்லிச்சு. அதத்தான் இங்க கூட்டிட்டு வரணுமா?

கோர்ட்_வராண்டா: எலக்‌ஷன் வைக்கணும்னு நான் எங்க சொன்னேன்?

ரிட்டயர்டு_லேப்: அமெரிக்கா இருக்கட்டும். 1849ல மெட்ராஸ்ல வந்த கெமிக்கல் எக்ஸாமினர் லேபுதான் நாட்டுலயே முதல். 1991ல ஸ்ரீபெரும்புதூர் கேஸ்ல பெல்ட் பாம்னு பிரிச்சுக் காட்டினது எங்க டைரக்டர் சந்திரசேகரன். இவங்க கேம்பஸ் திறக்கற பல்கலை குஜராத்ல ஆரம்பிச்சதே 2009ல, தேசியம்னு பேரு வந்தது 2020ல. அவங்களுக்கு 2,254, எங்களுக்கு ஒத்த ரூபா இல்ல.

குமரிக்கழுகு: வேகன்சி ஏன் நிரப்பலன்னு கேட்டா 1849. மெஷின் ஏன் ஓடலன்னு கேட்டா சந்திரசேகரன். அவர் பேர் சொல்லி எத்தன வருஷம் ஓட்டுவீங்க?

ரிட்டயர்டு_லேப்: அவர் பேரச் சொல்ல ஒரு யோக்கியதை வேணும். மெஷின் ஓடலன்னு நான் எங்க எழுதினேன், காட்டுங்க. காட்ட முடியாதுல்ல? கட்டடம் அவங்களுது, மெஷின் அவங்களுது, டிகிரிக்கு ஃபீஸும் அவங்களுக்கே, ஆனா ரிப்போர்ட் லேட்டான்னா மட்டும் ஸ்டேட் லேபு வந்து கைகட்டி நிக்கணுமாம். 2,254ல எவ்வளவுன்னு மூணாவது தடவை கேக்கறேன்.

நைட்_டூட்டி: மார்ச்சுவரிக்கு எவ்வளவுன்னு நானும் கேட்டேன் சார், அதையும் சேத்துக்குங்க.

ரிட்டயர்டு_லேப்: டாக்டர், நீங்க தனியா ஒண்ணு ஆரம்பிங்க, இங்க லேபு பத்திப் போயிட்டிருக்கு.

நைட்_டூட்டி: 👏👏 இதான் சார் நம்ம டிபார்ட்மெண்ட் ஒத்துமை.

குமரிக்கழுகு: கோர்ட் சார் 2,080 எடுத்துக் குடுத்ததும் காணாமப் போய் கொரோனர்ல வந்து நிக்கிறாரு, ரிட்டயர்டு சாரும் அவர மட்டும் ஒண்ணும் கேக்கல. ரெண்டு ஐடியும் ஒரே ஆளா?

கோர்ட்_வராண்டா: யோவ், வார்த்தைய அளந்து பேசு.