புதுப்பிப்பு: ஏ1 தேர்வு இல்லாமலே ஜெர்மனி விசா வந்தது

கணவர் ஜெர்மனியில் ப்ளூ கார்டில் (உயர்கல்வித் தகுதியுள்ள வெளிநாட்டவர் அங்கே வேலை பார்த்து வசிப்பதற்கான அனுமதி) வேலை பார்க்கிறார், அவரோடு போய்ச் சேர நான் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஆமாம் என்றீர்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள்.

வேண்டாம். விசா கைக்கு வந்துவிட்டது. ஜெர்மன் குடிமகனைக் கட்டிக்கொண்டவர் பொதுவாக ஏ1 காட்ட வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அந்த நிபந்தனை கிடையாது. வேடிக்கையான சட்டம்தான். குழப்பமும் இதில்தான் வருகிறது. கணவரின் ப்ளூ கார்டு நகலை விண்ணப்பத்தோடு மறக்காமல் வையுங்கள், விலக்கே அதை வைத்துத்தான்.

கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். திருமணத்தை முறைப்படி பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். கோயில் ரசீது, பத்திரிகை, ஆல்பம் எல்லாம் அதற்கு ஈடாகாது.

இப்போது ஒட்டித் தந்திருப்பது டி வகை நுழைவு விசா. வசிப்பு அனுமதி அட்டையை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அதற்கு முன், குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வேலை பார்க்கவும் எனக்குத் தடை இல்லை.

அப்புறம், ஏ1 வகுப்புக்குக் கட்டிய பணம் திரும்ப வராதாம். முடித்துவிட்டே கிளம்புகிறேன்.