கண்டிப்பான பயிற்சியாளரும் இளம் அணியும்: கல்லூரி ஐஸ் ஹாக்கியில் மூத்த வீரர்களின் பங்கு என்ன?

பனிக்களம் (கேள்வி):
அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நான் ஆதரிக்கும் அணியில் என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) அணிகள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் இளம் வீரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளில் இரண்டாம் பகுதி முடியும்வரை முன்னிலையில் இருந்துவிட்டு, மூன்றாம் பகுதியில் ஆட்டத்தைப் பறிகொடுப்பது வழக்கமாகிவிட்டது. பயிற்சியாளர் மிகவும் கண்டிப்பானவர். பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) தவறவிட்டவரை உடனே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார். நான்காம் ஆண்டான இறுதியாண்டு வீரர்களோ மிகக் குறைவு. இந்தச் சரிவுக்குப் பயிற்சியாளரின் முறை காரணமா, மூத்தவர்கள் இல்லாமை காரணமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடக்குவாசல்:
கண்டிப்பு மட்டும் ஓர் அணியைக் கெடுத்துவிடாது என்பதற்கு ஹெர்ப் ப்ரூக்ஸே சான்று. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 1974, 1976, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம் பெற்றுத் தந்த அவர், வீரர்களிடம் நெருங்கிப் பழகாதவர். அதே காலத்தில் விஸ்கான்சினில் பாப் ஜான்சன் உற்சாகத்தையும் ஊக்கச் சொற்களையுமே கருவியாகக் கொண்டு 1973, 1977, 1981இல் பட்டம் வென்றார். எதிரெதிரான இரண்டு குணங்களுக்கும் மும்மூன்று பட்டங்கள் கிடைத்திருக்கின்றன என்றால், வெற்றியின் காரணத்தைக் குணத்தில் மட்டும் தேடுவது சரியாகாது.

ப்ரூக்ஸ் பயிற்றுவித்து, தங்கம் வென்ற 1980 அமெரிக்க ஒலிம்பிக் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் கல்லூரி வீரர்களால் ஆனது. நார்வேயுடன் ஆட்டம் சமநிலையில் முடிந்த இரவில், ஆட்டம் முடிந்த பிறகும் ப்ரூக்ஸ் அவர்களைப் பனித்தளத்தில் ஓட வைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கடுமையை அணி தாங்கியதற்குக் காரணங்கள் உண்டு. துணைப் பயிற்சியாளர் கிரெய்க் பாட்ரிக் வீரர்களுக்கும் ப்ரூக்ஸுக்கும் நடுவில் நின்று மனத்தாங்கல்களை ஆற்றினார். கேப்டன் மைக் எருசியோனி அணியிலேயே வயதில் மூத்தவர்களுள் ஒருவர். அதுவும் மினசோட்டாவின் கடும் போட்டியாளரான பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ஒலிம்பிக்கிற்குச் சற்று முன்பு ப்ரூக்ஸ் புதியவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மூத்த வீரர்கள் அவரிடம் நேரில் சென்று எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், அவரும் கேட்டுக்கொண்டார். உங்கள் அணியில் இப்படிப் போய்ப் பேசக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நீலக்கோடு:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். மூன்றாம் பகுதியைப் பற்றிக் கேட்டிருப்பதால் 1993 கல்லூரி தேசிய இறுதியாட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேய்ன் பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தில் 42 வெற்றி, 1 தோல்வி, 2 சமநிலை என்ற கணக்கில் விளையாடியது. அணியின் ஒளிவிளக்கு முதலாண்டு மாணவர் பால் கரியா. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை அந்த ஆண்டே பெற்றவர். இறுதியாட்டத்தில் லேக் சுப்பீரியர் ஸ்டேட் அணியிடம் 4–2 எனப் பின்தங்கிய நிலையில் மூன்றாம் பகுதி தொடங்கியது. நான்காம் ஆண்டு வீரரான கேப்டன் ஜிம் மான்ட்கோமரி மூன்று கோல்கள் அடித்தார். மூன்றுக்கும் பக்கை எடுத்துக் கொடுத்தவர் கரியா. மேய்ன் 5–4 என வென்றது. இளையவரின் திறமையும் மூத்தவரின் நிதானமும் அந்த இருபது நிமிடங்களில் எப்படி இணைந்தன என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

இதன் மறுபக்கத்தை 2023 தேசிய இறுதியாட்டத்தில் பார்த்தோம். இளம் நட்சத்திரங்களைக் கொண்ட மினசோட்டா 2–0 என முன்னிலை பெற்றும், குவினிபியாக் பல்கலைக்கழகம் மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடங்களில் சமன் செய்து, கூடுதல் நேரத்தின் பத்தாவது வினாடியில் வென்றது. அதன் கேப்டன் ஐந்தாம் ஆண்டில் விளையாடியவர். பயிற்சியாளர் ராண்ட் பெக்னால்டோ 1994 முதல் அங்கேயே இருப்பவர்.

பழைய ரசிகன்:
நண்பர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் தேவை என்று கருதுகிறேன். வயதை மட்டும் பார்த்து ஒருவரை மூத்தவர் என்று கொள்வது இப்போது பொருந்தாது. பல வீரர்கள் கல்லூரிக்கு முந்தைய ஜூனியர் லீக்கில் விளையாடிவிட்டு இருபது வயதில்தான் கல்லூரிக்கே வருகிறார்கள். 2021 முதல் வேறு கல்லூரிக்கு மாறியவர் ஓராண்டு காத்திராமல் உடனே விளையாட முடிகிறது. ஆகவே இருபத்து நான்கு வயதான வீரர் ஒருவர் அந்த அணிக்கு அந்தப் பருவத்தில்தான் வந்து சேர்ந்தவராக இருக்கலாம். பயிற்சியாளர் ஏன் கோபப்படுகிறார், எதை மன்னிப்பார், எதை மன்னிக்கமாட்டார் என்பதை முதலாண்டு மாணவருக்குச் சொல்லித் தர அவராலும் இயலாது.

2014இல் மினசோட்டாவை 7–4 என வென்று பட்டம் பெற்ற யூனியன் கல்லூரி, அப்போது விளையாட்டு உதவித்தொகையே தராத சிறிய நிறுவனம். அதன் கேப்டன் மேட் போடி முதலாண்டிலிருந்தே அங்கு விளையாடியவர். பயிற்சியாளரின் கடுஞ்சொல் உடைமாற்றும் அறைக்குள் அறிவுரையாகச் சென்று சேர்வதற்கு அத்தகைய ஒருவர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் அதே சொல் அச்சமாக மாறிவிடுகிறது. தவறு செய்தால் பெஞ்சுதான் என்று அஞ்சும் இளம் வீரர், முன்னிலையில் இருக்கும்போது பக்கைக் கையாளவே தயங்கி அதைக் கண்ட இடத்துக்கு அடித்துவிடுவார்; எதிரணிக்கு அதுவே வாய்ப்பாகிறது. உங்கள் அணியின் சரிவில் இவ்விரண்டு காரணங்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றே எண்ணுகிறேன்.

பனிக்களம்:
மிக்க நன்றி. எங்கள் அணியின் இரண்டு நான்காம் ஆண்டு வீரர்களுமே சென்ற கோடையில் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை இப்போதுதான் சரிபார்த்தேன். முதலாண்டிலிருந்தே இங்கு இருப்பவர் மூன்றாம் ஆண்டுத் தடுப்பாட்டக்காரர் ஒருவர். அவர் துணைக் கேப்டன்கூட இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், எதிரணி கோல் அடித்தபின் பெஞ்சில் இளையவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு எழுதுகிறேன்.