சிகார் பெட்டி கிட்டாரில் ப்ளூஸ் ஸ்லைடு: 3, 10 கோடுகளில் மட்டும் ஏன் கீச்சுச் சத்தம்?

மூன்றுகம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் செய்த மூன்று கம்பி சிகார் பெட்டி கிட்டாரில் ப்ளூஸ் ஸ்லைடு (அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை, விரலில் மாட்டிய குழாயைக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பது) பழகுகிறேன். விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

கழுத்து 38 × 19 மி.மீ. தேக்கு ரீப்பர், பெட்டியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவருகிறது. மூடி 3 மி.மீ. மரம். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கக் கம்பித்தாங்கி) பிரிட்ஜ் (பெட்டி மேலுள்ள கம்பித்தாங்கி) வரை 635 மி.மீ., அதாவது 25 அங்குலம். ஃப்ரெட் (கழுத்தில் ஸ்வர இடங்களில் பதிக்கும் உலோகப் பட்டை) அடிக்கவில்லை, அந்த இடங்களில் அரைச்சுரத்துக்கு ஒன்றாக, நட்டிலிருந்து எண்ணிக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். நட், பிரிட்ஜ் இரண்டுக்கும் மரை போட்ட போல்ட். கம்பிகள் எலெக்ட்ரிக் 9 செட்டிலிருந்து எடுத்த ஏ, டி, ஜி. சுருதி ஜி-டி-ஜி. ஸ்லைடு 22 மி.மீ. செம்புக் குழாய், சுண்டு விரலில்.

12, 7, 5 கோடுகளில் வைத்தால் ஓரளவு சுத்தமாகக் கேட்கிறது. 3, 10 இரண்டிலும் பின்னால் ஒரு கீச்சுச் சத்தம், சுருதியோடு ஒட்டாமல் வருகிறது. கோடுகளைத் திரும்ப அளந்தேன், சரியாகத்தான் இருக்கின்றன. தடித்த கம்பி எங்கே வைத்தாலும் கரகரக்கிறது, கொஞ்சம் அழுத்தினால் ஸ்லைடு மரத்தில் 'டக்' என்று இடிக்கிறது. இதெல்லாம் போக, ஸ்வரம் சரியாக விழுந்தாலும் ப்ளூஸ் மாதிரி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ரீப்பர்காரர்:

கையைச் சரி பண்றதுக்கு முன்னாடி கருவியைச் சரி பண்ணுங்க. முதல் வேலை கம்பி. 9 செட்டில் ஏ கம்பி 32 கேஜ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 32 பங்கு தடிமன்). அதை ஜி-க்கு இறக்கினா இழுவிசை ஐந்தரை கிலோ பக்கம்தான் நிற்கும். அவ்வளவு தொய்வான கம்பியை ஸ்லைடின் எடையே கீழே தள்ளிடும். கரகரப்பும் 'டக்'கும் அதனால்தான்.

அக்கூஸ்டிக் 12-53 செட் ஒண்ணு வாங்கி, அதில் ஏ (42), டி (32), ஜி (24, சுற்றுக் கம்பி) மூணையும் போடுங்க. ஏ-யை ஜி-க்கு இறக்குங்க, மற்ற ரெண்டும் அப்படியே. மொத்த இழுவிசை 30 கிலோவைத் தாண்டும். 19 மி.மீ. தேக்கு அதைத் தாங்கும், உள்ளே இரும்புக் கம்பி எதுவும் வேண்டாம். கழுத்து லேசா வளைஞ்சாலும் ஸ்லைடுக்கு அது குறையில்லை.

அடுத்தது கழுத்து மரத்திலிருந்து கம்பியின் உயரம். நட் பக்கம் 3 மி.மீ., 12-ம் கோட்டில் 5 மி.மீ. இருக்கணும். 12-ல் 4-க்குக் கீழே போனா மரத்தில் இடிக்கும். 7, 8-க்கு மேலே போனா ஸ்லைடு நிலையா உட்காராது.

பலரும் பார்க்காத இடம் ஒண்ணு இருக்கு. ஸ்லைடு கம்பிகளின் மேல்முகத்தைத்தான் தொடுது. மூணு கம்பியும் ஒரே ஆழ மரையில் உட்கார்ந்தா அடிமுகம்தான் சமமா இருக்கும். 42 கம்பியின் மேல்முகம் 24 கம்பியைவிட கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். ஸ்லைடு அதில் முட்டி, மெல்லிய கம்பியைச் சரியாத் தொடாது. தடித்த கம்பி உட்காரும் மரையை சின்ன முக்கோண அரத்தால் அரை மி.மீ. ஆழப்படுத்துங்க, நட்டிலும் பிரிட்ஜிலும். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி மூணு கம்பி மேலயும் வைங்க. வெளிச்சம் எந்தக் கம்பிக்கு மேலயும் தெரியக்கூடாது.

இன்னொண்ணு, பெட்டிக்குள்ள போற கழுத்தின் மேல்பக்கத்தை மூடிக்குக் கீழே 3 மி.மீ. செதுக்கியிருக்கீங்களா? இல்லைன்னா மூடி கழுத்தில் ஒட்டிக்கிட்டு அதிராது, சத்தம் மரத்துப்போயிடும். கம்பி மாற்றும்போதே பார்த்துடுங்க.

எல்லாம் செஞ்ச பிறகும் கரகரப்பு இருந்தா, கம்பியை மீட்டிக்கிட்டே மூடியில் ஒவ்வொரு இடமா விரலால் அழுத்துங்க. எங்கே அழுத்தும்போது நிற்குதோ அங்கேதான் பசை விட்டிருக்கும். அங்கேயும் இல்லைன்னா டியூனரின் திருகாணி, உள்ளே தொங்கும் ஒயர்.

செம்புக் குழாய் கனம் போதாது. சுவர் ஒரு மி.மீ.தான் இருக்கும். ஒயின் பாட்டில் கழுத்து, 3 மி.மீ. சுவர் உள்ளதா, நல்லா இருக்கும். அறுத்த விளிம்பை 120, 240, 400 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுக்கிட்டே தேய்க்கணும். காய்ஞ்ச கண்ணாடித்தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. இதில் சோம்பல் வேண்டாம். கண்ணாடி அறுக்கப் பிடிக்கலைன்னா 11/16 அங்குல டீப் சாக்கெட் போதும், ஸ்லைடு கிட்டார் கலைஞர் லோவல் ஜார்ஜ் வாசிச்சது அதில்தான்.

பாட்டில்நெக்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் கம்பி மாற்றினாலும் போகாது. அது கருவியின் குறை அல்ல.

ஸ்லைடு கம்பியை இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்லைடுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருப்பது நீங்கள் கேட்க நினைக்கும் ஸ்வரம். ஸ்லைடுக்கும் நட்டுக்கும் நடுவிலுள்ள துண்டும் சேர்ந்து அதிர்கிறது. உங்கள் 635 மி.மீ. கம்பியில் கணக்குப் போடுங்கள். நட்டிலிருந்து அளந்தால் 12-ம் கோடு 317.5 மி.மீ., பின் துண்டு சரிபாதி, அதே ஸ்வரத்தைத்தான் பாடும். 7-ம் கோடு 211 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு. 5-ம் கோடு 159 மி.மீ., நாலில் ஒரு பங்கு. இந்தப் பங்குகளில் பின் துண்டு திறந்த கம்பியின் (ஸ்லைடு வைக்காத முழுக் கம்பியின்) இயல்பான மேல்சுரங்களைப் பாடுகிறது, சுருதியோடு ஒட்டிப் போய்விடும். காது கண்டுகொள்ளாது. 3-ம் கோடு 101, 10-ம் கோடு 278.6. இவை எந்த நேரான பங்கிலும் விழவில்லை, அதனால் பின் துண்டு ஒட்டாத ஒரு ஸ்வரத்தைக் கத்துகிறது. நீங்கள் கேட்டது சரியாக அதுதான்.

மருந்து ஒன்றே. ஸ்லைடுக்குப் பின்னால், நட் பக்கம், ஒரு விரலாவது எப்போதும் கம்பிகளின் மேல் கிடக்க வேண்டும். ஸ்லைடு நகரும்போது அந்த விரலும் கூடவே இழுபட்டு வர வேண்டும். ஸ்லைடு வாசிப்பில் பாதி வேலை சத்தம் எழுப்புவது, மீதிப் பாதி வேண்டாத சத்தத்தை அடக்குவது. இரண்டாவதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வலக்கைக்கும் அதே பொறுப்பு. பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) வேண்டாம். கட்டைவிரல் தடித்த கம்பியில், ஆள்காட்டி நடுக்கம்பியில், நடுவிரல் மெல்லிய கம்பியில், மூன்றும் கம்பி மேல் உட்கார்ந்தபடியே தொடங்குங்கள். எந்தக் கம்பி ஒலிக்க வேண்டுமோ அந்த விரல் மட்டும் மீட்டி, உடனே திரும்பி வந்து உட்காரும்.

சுருதி விஷயம்: ஸ்லைடின் நடுமையம் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாதாரண கிட்டார் வாசித்தவர்கள் பழக்கத்தில் கோட்டுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள், எல்லாம் இறங்கிக் கேட்கும். கம்பி 5 மி.மீ. உயரத்தில் இருப்பதால் சாய்வாகப் பார்த்தால் கண்ணும் ஏமாற்றும். 12-ல் அரைச்சுரம் 18 மி.மீ. அகலம்தான், 5 மி.மீ. தவறினால் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஒரு கம்பியை ஸ்லைடு வைக்காமல் மீட்டி, அடுத்து அதையே 12-ல் வைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று மேல்ஸ்தாயியாகப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றுகம்பி:

பின் துண்டு விளக்கத்துக்கு மிக்க நன்றி. 3-ல் வைத்துப் பின்னால் விரல் போட்டதும் கீச்சு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கேள்வி. அந்த விரல் எவ்வளவு அழுத்த வேண்டும்? ஸ்லைடு சுண்டு விரலிலேயே இருக்கலாமா?

டெல்டாப்பக்கம்:

விரலின் எடை மட்டும் போதும். கம்பி கீழே வளைந்தால் அதிகம். ஸ்லைடின் அழுத்தமும் அப்படித்தான், 'டக்' கேட்டால் கையைத் தளர்த்துங்கள், 'ர்ர்ர்' கேட்டால் ஒரு இம்மி கூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது, அதில் தங்கப் பழகுவதுதான் பயிற்சி.

விரல் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: உங்கள் கருவிக்கு மோதிர விரல். சுண்டு விரலில் ஸ்லைடு போடுவதன் லாபம், மற்ற மூன்று விரல்களால் கார்டு (பல ஸ்வரங்களின் கூட்டு) பிடிக்கலாம் என்பது. ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் அப்படிப் போட்டார். ஃப்ரெட்டே இல்லாத மூன்று கம்பிக் கருவியில் அந்த லாபம் கிடையாது. மோதிர விரலில் போட்டால் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் பின்னால் கிடக்கும், அடக்குவது சுலபம், ஸ்லைடும் கோணாது. மிஸிஸிப்பி ஃப்ரெட் மெக்டவல் என்ற ப்ளூஸ் கலைஞருக்கு மோதிர விரல்தான். ஸ்லைடு லூஸாக இருந்தால் உள்ளே துணி டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். முதல் கணுவைத் தாண்டி உட்கார வேண்டும், ஆடக்கூடாது.

கம்பி விஷயத்தில் ரீப்பர்காரரோடு சின்ன மாறுபாடு. மெல்லிய ஜி-க்கு சுற்றுக் கம்பி வேண்டாம், 18 கேஜ் வெறும் கம்பி போடுங்கள். இழுவிசை கணிசமாகக் குறையும், ஆனால் பாட்டு அந்தக் கம்பியில்தான் வருகிறது, சுற்றுக் கம்பியில் ஸ்லைடு இழுக்கும்போது வரும் 'ஸ்ஸ்' அதில் இருக்காது. கேஜ் மாறினால் நட் மரையின் உயரத்தையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

ரீப்பர்காரர்:

ஒத்துக்கிறேன், 18 நல்லாத்தான் இருக்கும். 16 மட்டும் வேண்டாம், அங்கே திரும்பவும் 'டக்' வந்துடும்.

சித்திரவீணைக்காரி:

'ஸ்வரம் சரி, ப்ளூஸ் இல்லை' என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. சித்திரவீணையிலும் உருளைக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கித்தான் வாசிக்கிறோம், அதனால் இந்த இடம் எனக்குப் பழக்கம்.

ஜி-டி-ஜி என்பது ச-ப-மேல் ச. தம்புராவில் கேட்கும் அதே ஸ்வரங்கள். காந்தாரம் எந்தக் கம்பியிலும் கிடையாது, எந்தக் காந்தாரம் என்பதை ஸ்லைடுதான் தீர்மானிக்கிறது. மெல்லிய கம்பியில் 0, 3, 5, 7, 10, 12 என்று போனால் ச க ம ப நி ச, சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். காகிதத்தில் இது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ஆனால் ப்ளூஸின் காந்தாரம் 3-ம் கோட்டில் நிற்பதில்லை. 3 இருப்பது 101 மி.மீ.-ல், 4 இருப்பது 131-ல். நடுவில் 30 மி.மீ. இடம். ப்ளூஸ் வாழ்வது அங்கேதான். 101-ல் மீட்டி, ஒலி அடங்குவதற்குள் மெதுவாக 110, 112 வரை ஏற்றுங்கள், 4-ம் கோட்டிலுள்ள அந்தர காந்தாரத்தைத் தொடாதீர்கள். அங்கிருந்து நேராகத் திறந்த கம்பிக்கு இறங்குங்கள். ஒரே மீட்டல், இரண்டாவது மீட்டல் வேண்டாம். இந்த ஒரு பிடியை மட்டும் தனியாகப் பழகினாலே வாசிப்பின் முகம் மாறும்.

இதைச் செய்யும்போது கட்டைவிரல் தடித்த ஜி-யைத் தாளத்துக்கு ஒன்றாக மீட்டிக்கொண்டே இருக்கட்டும். ஆதார சட்ஜம் கூட ஒலித்தால்தான் காந்தாரம் எவ்வளவு ஏறியது என்று காது சொல்லும். அதற்கு ஸ்லைடின் நுனி மெல்லிய கம்பியை மட்டும் தொடும்படி சற்றுச் சாய்த்துத் தூக்க வேண்டும். அடக்கும் விரலையும் மெல்லிய கம்பியோடு நிறுத்துங்கள், தடித்த கம்பி மேல் விழுந்தால் சட்ஜம் செத்துவிடும்.

அசைவும் முக்கியம். வைப்ராட்டோ கோட்டை நடுவாக வைத்து இரு பக்கமும் போய்வர வேண்டும், 12-ல் பக்கத்துக்கு 4 மி.மீ. போதும். மேலே மட்டும் போய்வந்தால் சுருதி ஏறிக் கேட்கும். விரலை ஆட்டாமல் மணிக்கட்டை ஆட்டுங்கள், இடது கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அப்புறம், ஸ்வரத்தை அடைந்தவுடன் ஆட்டாதீர்கள். ஒரு கணம் நிறுத்தி, பிறகு.

கேட்க ஒருவரைச் சொல்வதானால் பிளைண்ட் வில்லி ஜான்சன். பாடியது பக்திப் பாடல்கள், ப்ளூஸ் அல்ல. ஆனால் குரல் விட்ட இடத்தில் ஸ்லைடு எடுத்துக்கொண்டு அதே வாக்கியத்தை முடிக்கும். 1927 டிசம்பரில் டல்லாஸில் பதிவானவற்றில் ஒன்று 1977-ல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறியது. அதில் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கிருந்து கிளம்பி எங்கே வந்து சேர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு ஒரு வரியை வாயால் முனகி, அதையே கம்பியில் தேடுங்கள்.

மூன்றுகம்பி:

அருமை அம்மா, 101-லிருந்து 110 என்பது உடனே கேட்கிறது. இதை ப்ளூஸின் பன்னிரண்டு பார் (தாள வட்டம்) சுற்றில் எப்படிச் சேர்ப்பது? பியஸோ (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வில்லை) போட்டு ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இணைத்தபோது ஸ்லைடு இடிக்கும் சத்தம்தான் அதிகம் வந்தது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பாட்டில்நெக்:

சுற்று: 4 பார் திறந்த கம்பிகள், 2 பார் 5-ல், 2 பார் திறந்து, ஒரு பார் 7-ல், ஒரு பார் 5-ல், கடைசி 2 பார் திறந்து. 5-க்கும் 7-க்கும் நேராகப் போய் வைக்காதீர்கள். 5-க்கு 3-லிருந்தும், 7-க்கு 5-லிருந்தும் வழுக்கி வாருங்கள், தாளம் விழும்போது சேர்ந்திருக்க வேண்டும். இடத்தை விட்டு எடுக்கும்போது முதலில் வலக்கை மூன்று விரலும் கம்பியில் உட்காரட்டும், பிறகு ஸ்லைடைத் தூக்குங்கள். வரிசை மாறினால் தூக்கும்போது ஒரு இழுப்புச் சத்தம் வரும்.

காந்தாரப் பிடியை திறந்த பார்களில் மட்டும் வையுங்கள், ஒவ்வொரு நாலு பாரிலும் முதல் இரண்டில் பாட்டு, அடுத்த இரண்டில் பதில். முதலில் கட்டைவிரல் மட்டும் தாளம் தவறாமல் சுற்றை முடிக்கட்டும், நிமிடத்துக்கு 60 என்ற காலத்தில். பாட்டு அதற்கு மேல்தான்.

பியஸோ: 27 மி.மீ. வில்லையைப் பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டியிருந்தால், மூடியின் விளிம்புப் பக்கம் 4, 5 செ.மீ. தள்ளி, நடுவில் மெல்லிய ஃபோம் டேப் வைத்து ஒட்டுங்கள். இடி குறையும். கழுத்தின் மரத்தில் ஒட்டாதீர்கள், ஸ்லைடு தட்டும் ஒவ்வொன்றும் அதில் ஏறும். ஆம்பில் கிட்டார் உள்ளீட்டில் செருகுங்கள், அது பெரும்பாலும் 1 மெகா ஓம் இருக்கும். லைன் உள்ளீட்டில் போட்டால் அடிச்சுரம் எல்லாம் போய், தகரச் சத்தம்தான் மிஞ்சும்.