புதுப்பிப்பு: கெண்டி மூக்கின் முறுக்கல் சரியாகிவிட்டது

பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் பித்தளைக் கெண்டி செய்யும்போது, மூக்கு மேல்நோக்கி வளையும் இடத்தில் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. மூக்குக்கு வடிவம் தரும் வளைகோட்டின் ட்விஸ்ட் முறையை, அதாவது கோட்டின் மேல் வரும் குழாய் எப்படித் திரும்ப வேண்டும் என்ற அமைப்பை, இசட்-அப் (மேல்திசையைச் சார்ந்தது) என்று வைத்திருந்தேன். கோடு நெட்டுக்குத்தாக நிமிரும்போது அது தடுமாறுகிறது. மினிமம் (குறைந்தபட்ச முறுக்கல்) என்று மாற்றியதும் சரியானது.

அப்புறம், மூக்கில் தெரிந்த மேடுபள்ளம். அதற்குக் காரணம் வளைகோட்டில் நான் வைத்த 9 புள்ளிகள்! 6 புள்ளிகளைத் தூக்கிவிட்டு, மீதி 3 பெசியே புள்ளிகளின் கைப்பிடிகளை (வளைவைத் தீர்மானிக்கும் பக்கக் கோடுகளை) நன்றாக நீட்டினேன். அன்னத்தின் கழுத்து போல வழுவழுவென்று வந்துவிட்டது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. நுனியை ஒடுக்க ஆல்ட்-எஸ் விசைகள் போதும். புள்ளிகளைக் குறைக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

மூக்கும் குடமும் சேரும் விளிம்பு இன்னும் பாக்கி. வளைகோட்டை மெஷ்ஷாக (சிறு பரப்புகளால் ஆன வலையாக) மாற்றிய பிறகுதான் அதில் கைவைக்க வேண்டும்.