மந்திரவாதி முதல் சுற்றிலேயே போரை முடித்துவிடுகிறார், போர்வீரருக்கு வேலை இல்லை: சமன்செய்ய வழி என்ன?

பதிந்தவர்: அங் மோ கியோ டிஎம்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் நான்கு நண்பர்களுக்கு, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, டிஎம்மாக (கதையை நடத்துபவராக) நடத்தி வருகிறேன். கதைக்களம் நானே அமைத்தது: கடல் வணிகத்தால் செழித்த துறைமுக நகரங்கள், அவற்றின் மீது கண்வைத்திருக்கும் குறுநில மன்னர்கள், மலைக்கோட்டைகள். குழுவில் விஸார்ட் (மந்திரவாதி), ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்), ரோக் (பூட்டுத் திறப்பதிலும் பதுங்குவதிலும் தேர்ந்தவர்) என வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த நால்வர். அனைவரும் ஏழாம் லெவலில் இருக்கிறார்கள்.

நான்காம் லெவல் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. விஸார்ட் ஃபயர்பால் மந்திரத்தைக் கற்ற பிறகு நிலைமை மாறிவிட்டது. எதிரிகள் கூட்டமாக வந்தால் வெடித்துப் பரவும் நெருப்பான ஃபயர்பால், தலைவனோடு வந்தால் பார்ப்பவரை மயக்கி நிறுத்தும் ஹிப்னாட்டிக் பேட்டர்ன். போர்வீரர் வாளை உருவிக்கொண்டு அருகில் செல்வதற்குள் எஞ்சியிருப்பவை குற்றுயிராகக் கிடக்கும் இரண்டொரு எதிரிகள் மட்டுமே. போருக்கு வெளியிலும் இதே நிலைதான். பள்ளத்தாக்கைக் கடக்கப் பறக்கும் மந்திரம், பூட்டிய கதவுக்கு நாக் மந்திரம், காவலர்களை ஏமாற்ற மறைந்துபோகும் மந்திரம் என எல்லா வாசல்களையும் ஒருவரே திறக்கிறார்.

எங்கள் நேரக்கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒருவர் சாங்கி விமான நிலையத்தில் ஷிஃப்ட் முடித்து வருவதால் ஏழு மணிக்கு முன் தொடங்க முடிவதில்லை. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதால் பதினொன்றரைக்கு மேல் நீட்டவும் முடிவதில்லை. அதற்குள் ஒரு பெரிய சண்டைதான் நடக்கிறது. சண்டை முடிந்ததும் கதையில் குழு உறங்கி ஓய்வெடுக்கிறது, அடுத்த வாரம் எல்லோரும் முழு வலிமையோடு தொடங்குகிறார்கள்.

ஃபைட்டராக ஆடுபவர் தேசிய சேவையை அண்மையில் முடித்த இளைஞர். வாளும் கேடயமும் ஏந்திய வீரனாக ஆட வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர், போன வாரம் தன் கதாபாத்திரத்தை சோர்சரராக (இன்னொரு மந்திர வகுப்பு) மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அது என்னை மிகவும் வருத்தியது. மூன்று வழிகளை யோசித்து வைத்திருக்கிறேன்: ஃபயர்பாலின் எட்டுப் பகடைகளை ஆறாகக் குறைப்பது, ஃபைட்டருக்கு வலுவான மாயவாள் ஒன்றைக் கொடுப்பது, மந்திரம் பலிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்வது. இவற்றில் எது பயன் தரும்?

பதில்: ஜூரோங் மூத்தவர்

தம்பி, நீங்கள் யோசித்த மூன்று வழிகளையும் ஒத்திவையுங்கள். உங்கள் சிக்கலின் வேர் நேரக்கட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியில் இருக்கிறது.

ஏழாம் லெவல் விஸார்டிடம் பெரிய மந்திரங்களுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட்டுகள் மூன்றும் நான்காம் நிலை ஸ்லாட் ஒன்றும் உள்ளன. ஒரு மந்திரத்துக்கு ஒரு ஸ்லாட் செலவாகும், இரவு உறங்கும் நெடு ஓய்வில்தான் எல்லாம் மீளும். ஒரு சண்டை நான்கு சுற்றுகளில் முடிகிறது என்று கொண்டால், அவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெரிய மந்திரத்தைச் செலவிடலாம். அன்று வேறு சண்டை இல்லை என்பது அவருக்குத் தெரியும்போது சேமித்து வைக்கக் காரணமே இல்லை. ஃபயர்பாலின் சராசரி சேதம் 28. நான்கு எதிரிகளில் இருவர் தப்பும் பகடையில் வென்று பாதிச் சேதம் மட்டும் வாங்கினாலும் மொத்தம் 84. உங்கள் ஃபைட்டர் கேடயத்தை வைத்துவிட்டு இரு கைகளால் பெரிய வாளை வீசுகிறார், வலிமையால் 4 கூடுகிறது, நூற்றுக்கு 65 முறை அடி படுகிறது என்று வைத்துக்கொண்டால், சுற்றுக்கு இரண்டு வீச்சுகளில் அவர் தரும் சராசரி ஏறத்தாழ 14. ஆக்‌ஷன் சர்ஜையும் (ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு முறை செயல்படும் ஆற்றல்) சேர்த்து நான்கு சுற்றுகளில் அவர் தருவது 71 அளவில்தான் இருக்கும். மந்திரவாதியின் ஒரே ஒரு மந்திரம் போர்வீரரின் முழுச் சண்டையையும் மிஞ்சிவிடுகிறது. வாளை நன்றாகத் தீட்டிக் கொடுப்பதால் இந்த இடைவெளி மூடாது.

இதே கணக்கை ஒரே நாளில் ஆறு சண்டைகள் என்று விரித்துப் பாருங்கள். இருபத்து நான்கு சுற்றுகள் வருகின்றன. விஸார்டிடம் இருப்பவை நான்கு பெரிய மந்திரங்கள், ஆர்க்கேன் ரெக்கவரி என்ற ஆற்றலால் நாளின் நடுவிலேயே மீளும் ஒன்றையும் சேர்த்தால் ஐந்து. மற்ற சுற்றுகளில் அவர் சிறு மந்திரங்களையோ, ஸ்லாட் தேவைப்படாத ஃபயர் போல்ட்டையோதான் வீச வேண்டும். ஃபயர் போல்ட் அதே 65 விழுக்காட்டில் சுற்றுக்கு 7 அளவில்தான் தரும், அதாவது ஃபைட்டர் தருவதில் பாதி. ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும் (தன் காயத்தைத் தானே ஓரளவு ஆற்றிக்கொள்ளும் ஆற்றல்) ஒவ்வொரு குறு ஓய்விலும் (ஒரு மணி நேர ஓய்வு) திரும்பிவிடுவதால் அவருடைய நாள் நீள நீள அவர் மங்குவதில்லை. 2014இன் விதிநூல் ஒரு முழு நாளில் நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டு மோதல்களையும் இடையில் இரண்டு குறு ஓய்வுகளையும் எதிர்பார்ப்பது இதனால்தான்.

பழைய பதிப்புகளில் மந்திரவாதியின் வலிமைக்கு வேறு விலைகள் இருந்தன. 1978இன் விதிகளில் அவருடைய ஹிட் பாயிண்டுக்கு (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்) நான்கு முகப் பகடை, போர்வீரருக்குப் பத்து முகப் பகடை. மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்தால் மந்திரம் வீண். லெவல் ஏறுவதற்கான அனுபவப் புள்ளிகளும் வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அனுபவ அட்டவணையைத் தந்தது. அடிபட்டாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றும் வழியையும் கொடுத்தது. 2008இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளின் ஆற்றல்களையும் ஒரே வார்ப்பில் அமைத்துச் சமநிலையைக் கொண்டுவந்தது. எனக்கு அது பிடித்திருந்தாலும், வகுப்புகள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன என்று பலர் குறைபட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் எஞ்சியிருக்கும் முக்கியமான விலைகள் இரண்டே: ஓய்வுகளுக்கிடையே உள்ள தொலைவும், ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தின் மீது மட்டுமே மனத்தை ஒருமுகப்படுத்த முடியும் என்ற கட்டுப்பாடும். முதலாவது உங்கள் மேசையில் இப்போது இல்லை.

ஆகவே, மேசையைவிட்டு எழுவதும் கதாபாத்திரங்கள் உறங்குவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை நிலைநாட்டுங்கள். பதினொன்றரைக்கு ஆட்டம் நின்றால், அடுத்த சனிக்கிழமை அதே சுரங்கத்தின் அதே வளைவில், அதே எண்ணிக்கை ஸ்லாட்டுகளோடு தொடங்குங்கள். கதையின் ஒரு பகல் மூன்று நான்கு வாரங்கள் நீண்டாலும் குறையில்லை.

பதில்: மந்திரக்கோல்

நான் பல ஆண்டுகளாக மந்திரவாதியாகவே ஆடுபவன் என்பதால் ஒரு வேண்டுகோள்: ஃபயர்பாலைக் குறைக்காதீர்கள். அதைக் கற்கும் நாளுக்காக அந்த ஆட்டக்காரர் பொறுமையோடு காத்திருந்திருப்பார். மந்திரம் பலிக்கப் பகடை உருட்டுவதும் வேண்டாம். பெரும்பாலான மந்திரங்களில் எதிரி ஏற்கெனவே தப்பும் பகடையை உருட்டுகிறார், இரண்டு தடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஸ்லாட்டும் போய்ச் சுற்றும் போய் அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

மாறாக, எதிரிகளை நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். ஃபயர்பாலின் ஆரம் இருபது அடி. எல்லோரும் ஒரே வாயிலில் நெருக்கியடித்து நின்றால் அது வெல்லும். மதிலின் மேல் வில்லாளர்கள், முற்றத்தில் ஈட்டிக்காரர்கள், மூன்றாம் சுற்றில் பக்கவாசல் வழியாக வரும் துணைப்படை என்று பிரித்து வைத்தால், எதை எரிப்பது, எதைப் போர்வீரரிடம் விடுவது என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹிப்னாட்டிக் பேட்டர்னுக்கும் பறக்கும் மந்திரத்துக்கும் மன ஒருமை தேவை என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அவர் மீது ஓர் அம்பு பட்டாலும் 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரியதோ அந்த எண்ணைப் பகடையில் எட்ட வேண்டும். உங்கள் எதிரிகள் அவரைக் குறிவைக்கிறார்களா?

நெருப்பால் சேதமடையாத எதிரிகளையும் இடையிடையே கொண்டுவரலாம்.

பதில்: ஜூரோங் மூத்தவர்

கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. கதை கேட்கும் இடத்தில் அத்தகைய எதிரி வருவது இயல்பு. ஆனால் சமன்செய்யும் கருவியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கினால், தன் தேர்வைத் தண்டிப்பதற்காகவே அவை அனுப்பப்படுகின்றன என்பதை அந்த ஆட்டக்காரர் உணர்ந்துகொள்வார். எதிரிகளைப் பிரித்து நிறுத்துவது மிகச் சரியான யோசனை.

பதிந்தவர்: அங் மோ கியோ டிஎம்

இருவருக்கும் மிக்க நன்றி. மன ஒருமையை ஒழுங்காகவே கணக்கில் வைக்கிறோம். ஆனால் அவர் எப்போதும் பின்வரிசையில் நிற்பதாலும், சண்டை இரண்டு சுற்றுகளில் முடிந்துவிடுவதாலும் அவர் மீது அடிபடுவதே அரிது. ஓய்வைத் தள்ளிவைக்கும் யோசனையை ஏற்கிறேன். அது சண்டைக்குத் தீர்வாக இருக்கும். பள்ளத்தாக்கு, பூட்டு, காவலர் போன்றவற்றுக்கு என்ன செய்வது?

பதில்: பொங்கோல் வாள்மகள்

வணக்கம் அண்ணா. நான் ஃபைட்டராக ஆடுபவள். நாங்கள் சமூக மன்றத்தில் அறை எடுத்து ஆடுவதால் எங்களுக்கும் உங்களைப் போலவே நேரம் குறைவு. சண்டையில் பின்தங்குவது எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. சண்டை இல்லாத ஒரு மணி நேரம் முழுவதும் என் கதாபாத்திரத்தாளில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுதான் வலித்தது. நீங்கள் இப்போது கேட்டிருக்கும் கேள்விதான் அந்த இளைஞரைத் தக்கவைக்கும் என்று நம்புகிறேன்.

மந்திரவாதி சுவரைத் தாண்ட விரும்பினால் ஸ்லாட்டைச் செலவிட்டுத் தாண்டிவிடுகிறார். போர்வீரர் தாண்ட விரும்பினால் டிஎம் பகடை உருட்டச் சொல்கிறார், தோற்றால் விழுகிறார். ஏழாம் லெவல் வீரர் என்பவர் அந்த நாட்டில் பெயர்பெற்ற மனிதர். கயிறும் நேரமும் இருந்து, யாரும் துரத்தாதபோது அவர் மதில் ஏறுவதற்குப் பகடையே கேட்காதீர்கள். ஸ்லாட் தீராத இந்த வழி எப்போதும் திறந்திருந்தால், ஓய்வு தள்ளிப்போகும் உங்கள் புதிய ஆட்டத்தில் மந்திரவாதியே பறக்கும் மந்திரத்தைச் சேமித்துவிட்டுக் கயிற்றைக் கேட்பார். நாக் மந்திரம் முந்நூறு அடி தொலைவுக்குக் கேட்கும் ஓசையை எழுப்பும் என்பதையும் மறக்க வேண்டாம். பூட்டை ரோக் திறப்பதற்கு அது நல்ல காரணம்.

அடுத்தது, உங்கள் கதையுலகில் வீரனுக்கு இருக்கும் மதிப்பு. பழைய பதிப்பில் ஒன்பதாம் லெவலை எட்டிய போர்வீரர் தனக்கெனக் கோட்டை கட்டலாம், வீரர்கள் அவரைத் தேடி வந்து சேர்வார்கள். அந்த விதி மறைந்தபோது போர்வீரர் இழந்தது மிகப் பெரியது என்பது என் எண்ணம். நீங்கள் அதை மீட்டெடுக்கலாம், அதுவும் நம் வரலாற்றிலிருந்தே. சோழர் காலத்தில் அரசனுக்காக உயிரையும் தருவதாக உறுதிபூண்ட வேளைக்காரப் படையினர் இருந்தார்கள். அவ்வாறு இவரிடம் உறுதிமொழி எடுத்த பத்துப் பேரைக் கொடுங்கள். இவருடைய முன்னோருக்கு நட்ட நடுகல் ஒன்று எல்லைப்புற ஊரில் இருக்கட்டும். அந்த ஊரார் மந்திரவாதிக்குத் திறக்காத கதவை இவருக்குத் திறப்பார்கள். கோட்டைத் தளபதி இவரோடு மட்டும் அமர்ந்து பேசச் சம்மதிப்பார். இவை எதற்கும் புதிய விதி தேவையில்லை.

விதி வழியாகவும் உதவி வேண்டுமென்றால் 2024இன் திருத்திய விதிகளிலிருந்து இரண்டைக் கடன் வாங்கலாம். ஒன்று, ஃபைட்டர் ஒரு திறன் பகடையில் தோற்றால் செகண்ட் விண்டைச் செலவிட்டுப் பத்து முகப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் தோற்றால் அது செலவாகாது. ஏழாம் லெவலில் செகண்ட் விண்ட் மூன்று முறை கிடைப்பதும் அந்த விதிகளில் உண்டு, இரண்டையும் சேர்த்தே எடுங்கள். ஆனால் அங்கே குறு ஓய்வில் ஒரு முறைதான் மீளும். மற்றொன்று ஆயுதத் தேர்ச்சி: போர்ச்சுத்தியலால் அடித்த எதிரியைப் பத்து அடி தள்ளலாம், போர்க்கோடரியால் கீழே வீழ்த்தலாம். எதிரியை மந்திரவாதியின் வலைக்குள் தள்ளிவிடும் போர்வீரரைப் பார்த்தால் உங்கள் விஸார்டும் மகிழ்வார்.

பதில்: மந்திரக்கோல்

அந்த இளைஞரின் ஃபைட்டர் எந்தப் பிரிவு? தேர்வுகள் குறைந்த சாம்பியனாக இருந்தால், போர் உத்திகளைக் கையாளும் பேட்டில் மாஸ்டராக மாற்றிக்கொள்ள இப்போதே அனுமதியுங்கள். ஏழாம் லெவலில் ஐந்து உத்திகளும் எட்டு முகப் பகடைகள் ஐந்தும் கிடைக்கும், குறு ஓய்வில் அனைத்தும் திரும்பும். சோர்சரராக மாற விரும்புபவர் உண்மையில் கேட்பது தன் முறை வரும்போது தேர்ந்தெடுக்க ஏதாவது வேண்டும் என்பதாக இருக்கலாம்.

பதிந்தவர்: அங் மோ கியோ டிஎம்

ஆம், சாம்பியன்தான். இன்று அவரிடம் தொலைபேசியில் பேசினேன். பேட்டில் மாஸ்டரின் உத்திகளைப் படித்துவிட்டு, எதிரியை ஒரு நிமிடம் கவனித்து அவன் வலிமையை எடைபோடும் ஏழாம் லெவல் ஆற்றலைப் பற்றியே நெடுநேரம் பேசினார். சோர்சரர் பேச்சை எடுக்கவில்லை. விஸார்டாக ஆடும் நண்பரிடமும் ஓய்வு பற்றிய மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் ஏற்றுக்கொண்டார். கிளெரிக்குக்கும் இது பொருந்தும் என்பதால் அவரையும் கேட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. விஸார்டிடம் லியோமண்டின் சிறுகுடில் மந்திரம் உள்ளது. அதைச் சடங்காகச் செய்தால் ஸ்லாட்டே செலவாகாது, எட்டு மணி நேரம் யாரும் உள்ளே வர முடியாது. சுரங்கத்தின் நடுவிலேயே குடிலை எழுப்பி உறங்கிவிட்டால் நான் என்ன செய்வது?

பதில்: ஜூரோங் மூத்தவர்

உறங்கட்டும், தம்பி. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு நெடு ஓய்வுதான் பயன் தரும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு குடில் போட்டால் அதற்குப் பலன் இல்லை, அடுத்த நாள் அதே பொழுது வரை காத்திருக்க வேண்டும். குடில் அசையாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும், மந்திரவாதி வெளியேறினால் கலைந்துவிடும். எட்டு மணி நேரத்தில் அறிவுள்ள எதிரி என்ன செய்வான் என்று கேட்டுப் பாருங்கள்: சிறைப்பிடித்தவர்களை வேறு கோட்டைக்கு மாற்றுவான், பொருட்களைக் கப்பலில் ஏற்றுவான், குடிலைச் சுற்றி மணல்மூட்டைகளை அடுக்கி வில்லாளர்களை அவற்றின் பின்னால் நிறுத்துவான். இதை ஆட்டக்காரர்களிடம் மறைக்காமல், சடங்கு தொடங்கும் முன்பே, தொலைவில் முரசு ஒலிப்பதையும் ஆட்கள் ஓடுவதையும் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் உறங்குவது என்று அவர்கள் முடிவெடுத்தால் அது அவர்களுடைய தேர்வு.

ஆட்டம் முடியும்போது ஒவ்வொருவரின் ஸ்லாட், ஹிட் பாயிண்ட், உத்திப் பகடை எண்ணிக்கையை ஒரே தாளில் எழுதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் தேவையில்லாத வாக்குவாதம் எழும்.